நூற்றுக்கு எத்தனை

மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் எந்த நாட்டுக்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று நானும் அக்காவும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. கடலூரில் கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுவது அவள், அழகாக எழுதுவது நான். பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் பெண்கள் ஆட்டத்துக்கு மூலையில் நாலு வரி கிடைத்தால் அதிசயம். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு அக்கா அரைமணி நேரம் யோசிப்பாள். அவளுடைய கால் கட்டைவிரல் மட்டும் தரையில் இல்லாத பந்தை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். ஆட்டம் நடந்த ஜெர்மனி எனக்கு அந்தக் கட்டைவிரலுக்குச் சற்று அப்பால், பச்சைப் பசேலென்று, எப்போதும் தூறிக்கொண்டிருந்தது.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குப் போனபோது நோட்டும் கூடவே வந்தது. மாமா அம்மாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். உலகத்தில் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். அப்போது எட்டு அணிகள்தான் மிச்சம். ஜெர்மனிக்கு எண்பது, பிரேசிலுக்கு எழுபது, அமெரிக்காவுக்கு அறுபத்தைந்து என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்றேன். அதெல்லாம் தனித்தனிக் கணக்காம். ஜப்பானுக்குப் பத்து போட்டார். இங்கிலாந்திடம் தோற்ற அணி, அடுத்த ஆட்டமோ ஜெர்மனியோடு, அதுவும் ஜெர்மனி மண்ணில். பத்தே ஜாஸ்தி என்றார்.

அக்கா பேனாவை வாங்கிப் பத்தை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினாள். ஜப்பான்காரிகள் எல்லோரும் குள்ளம், ஆனாலும் அவர்கள் காலிலிருந்து பந்தைப் பிரிப்பது கஷ்டம் என்றாள். அக்காவும் குள்ளம்தான். அந்த வருஷம் ஜப்பானில் கடல் ஊருக்குள் புகுந்திருந்தது. அது எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாமா சிரித்துவிட்டு, ஜப்பான் ஜெயிக்குமா என்று வேண்டுமானால் பூ போட்டுப் பார்த்துவிடலாம் என்று கேலி செய்தார்.

எங்கள் குடும்பத்தில் முடிவெடுக்க முடியாத காரியம் எதுவானாலும் பூ போட்டுப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துச் சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் நடக்கும், வெள்ளை வந்தால் நடக்காது. குழந்தைக்குக் கள்ளம் தெரியாது என்பது நம்பிக்கை.

தேர் முடிந்த மறுநாள் குமராட்சியிலிருந்து நாலைந்து பேர் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. கேசரியில் முந்திரி நிறைய இருந்தது, அதுவே போதுமாயிருந்தது. அவர்களுக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. ஆவணியில் கல்யாணம், அதற்குப் பிறகு பந்து கிந்து என்று போகக் கூடாது, ஆடி பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். அக்காவுக்கோ அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வு. அடுப்படியில் வெகுநேரம் பேச்சு நடந்தது. நான் கூடத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தேன். அக்கா, "பூ போட்டுப் பாத்துடலாம்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மாமா ஒத்துக்கொண்டுவிட்டார், ஜப்பானுக்குப் பூ போடப் போகிறார்கள்.

மறுநாள் காலை தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் இரண்டு பொட்டலங்களும் தட்டில் இருந்தன. "அக்காவ நெனச்சிகிட்டு ஒண்ண எடு" என்றாள் அம்மா. அக்காவை நினைத்தேன். அவள் போட்ட நாற்பதை நினைத்தேன். அரளியை அலம்பிய ஈரத்தோடு மடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஒரு பொட்டலத்தின் ஓரத்தில் காகிதம் நனைந்து சிவப்பு லேசாகத் தெரிந்தது. சாமி எதிரில் ஏமாற்றுகிறோமே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அக்காவுக்காகத்தானே. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நேராக அங்கே கொண்டுபோனேன்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா தேங்காய் உடைக்கச் சொன்னார். அக்கா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, ஜப்பான் ஜெயித்துவிடும் என்று காதில் சொன்னேன். "ஜெயிக்கட்டும்டி" என்றாள்.

ஜெயித்தது. முதலில் ஜெர்மனியை, கடைசியில் அமெரிக்காவையும். அன்றைக்குப் பேப்பரில் வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அக்கா முகூர்த்த ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். செய்தியை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். தெருவெல்லாம் என் கை ராசியான கை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருஷம் கழித்துக் குமராட்சியில் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, பூ போடலாம் என்று ஏன் கேட்டாய் என்றேன். குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டே, "வாதாடியிருந்தா பூஜ்யம்டி. பூவுன்னா அம்பது. அம்பது போதும்னு நெனச்சேன்" என்றாள்.

அந்த ஐம்பது அந்தத் தட்டில் இருக்கவே இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு பொட்டலங்களில் ஒன்றுதான் அக்காவின் ஆசை என்பது ஒன்பது வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது வெள்ளை என்பதுதான் தெரியவில்லை.