அம்மாவுக்கு வேலை கிடைத்த நாடு

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு எத்தியோப்பியாவில் வேலை கிடைத்தது. எங்கள் சொந்தத்தில் அதுவரை வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் ஆண்கள். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா வேலைக்குப் போவதாகவும், அப்பாவும் நானும் துணைக்குப் போவதாகவும் ஏற்பாடாகியிருந்தது. இதில் மற்றவர்கள் இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே சிங்கம் தெருவுக்கு வருமா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அம்மா முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் ட்ரெய்னராக இருந்தாள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இறங்கும் பெண்களின் கையைப் பிடித்தே, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், மெஷின் ஓட்டப் பழக்கிவிடுவாள். அந்தக் கம்பெனி எத்தியோப்பியாவில் ஒரு ஃபேக்டரி தொடங்கியபோது, பாஷை தெரியாத இடத்துக்கு அனுப்ப இவளை விட்டால் ஆளில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வருஷம், குடியிருக்க வீடு கொடுப்பார்கள், குடும்பத்தோடு வரலாம்.

அப்பா அந்தச் சமயத்தில் சும்மா இருந்தார். சும்மா என்பது சொந்தக்காரர்கள் சொன்னது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சொந்தமாக நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் லாரி ஒன்று வந்து மெஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. அதன்பிறகு, நாங்கள் குடியிருந்த வேலம்பாளையத்தில் கடைக்குப் போவதென்றால்கூட மெயின் ரோட்டை விட்டுவிட்டுச் சந்து வழியாகத்தான் போவார். அந்தச் சந்தில் நாய்க்குட்டிகள் இருந்தன. அதற்காகத்தான் அந்த வழியாகப் போகிறார் என்று நினைத்து நானும் சந்தோஷமாகக் கூடப் போவேன்.

நாங்கள் கிளம்புவதற்கு முன் பெரியப்பா வந்திருந்தார். அப்பா கூடத்தில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, ஊட்டுக்காரி வேலைக்குப் போற ஊருக்கு நீ போயி என்ன பண்ணப் போறே?"

அப்பா முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. டீ கொண்டுவந்த அம்மாதான் பதில் சொன்னாள். "புள்ளையப் பாத்துக்க ஆள் வேணுமுங்க மாமா." பெரியப்பா டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியதில்லை, நான் பெரிய பெண் என்று அம்மாவிடம் சண்டை போட்டது நினைவிருக்கிறது.

நாங்கள் போய் இறங்கியது ஏரிக்கரையில் இருந்த ஒரு ஊர். சிங்கம் இல்லை. ஆனால் சிங்கத்தைவிட விசித்திரமான ஒன்று இருந்தது. என் உயரத்துக்கு நிற்கும் வழுக்கைத் தலைக் கொக்குகள். மீன் சந்தையில், ஆட்களுக்கு நடுவில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் போல நின்றுகொண்டிருக்கும். யாராவது மீன் குடலை எறிந்தால் மட்டும் ஓடும். அதற்கு ஏன் தலையில் இறகு இல்லை என்று நான் கேட்காத ஆள் கிடையாது. நாங்களும் மற்ற கம்பெனி ஆட்களும் குடியிருந்த காம்பவுண்டில், பக்கத்து வீட்டில் காபி போட்டு விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள்தான், குடலுக்குள் தலையை விடுகிற பறவைக்கு இறகு இருந்தால் யார் கழுவிவிடுவது என்று, தன் தலையைப் பானைக்குள் விடுவதுபோல நடித்துக் காட்டிப் புரியவைத்தாள்.

அம்மா விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஊருக்கு வெளியே இருந்த ஃபேக்டரிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைக்கும்வரை அப்பாவும் நானும்தான். ஊரில் சந்து வழியாகவே நடந்த அப்பா, இங்கே நட்ட நடு ரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். அந்த ஊர் வழக்கப்படி தோளோடு தோள் முட்டிக்கொள்ளப் பழகிக்கொண்டார். சரி என்பதற்கு இஷி, காபிக்கு புன்னா என்று நாளுக்கொரு வார்த்தை பிடித்துவந்து அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். அம்மா தூங்கி வழிந்துகொண்டே திருப்பிச் சொல்வாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு மாவு மில் இருந்தது. கடுகைவிடச் சின்னதான ஒரு தானியத்தை அங்கே அரைப்பார்கள். அந்த மாவைப் புளிக்கவைத்துச் சுட்டால் பெரிய ஆப்பம் மாதிரி வரும். மூன்று வேளையும் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் சாப்பாடு. மில்லின் பெல்ட் அடிக்கடி கழன்றுகொள்ளும். ஒருநாள் மாவு வாங்கப் போன அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மோட்டாரையே கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டியிருந்ததாம். அன்றிலிருந்து மில்லுக்காரர் அப்பாவை இன்ஜினீர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்பா டிப்ளமோவைக்கூட முடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அந்த அளவுக்கு இன்னும் பாஷை வரவில்லை கண்ணு என்றார்.

மழைக்காலம் முடிந்து, அம்மாவிடம் தையல் பழகிய பெண்கள் லைனில் உட்கார்ந்து முழு டீசர்ட் தைக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்திருந்தது. அப்போதுதான் அது நடந்தது. அந்த ஏரிக்கரை ஊரில் இரண்டு தரப்பாருக்குள் ஏதோ சண்டை. எதற்கென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. காலையில் அம்மா வழக்கம்போலப் போனாள். மத்தியானம் கடைகளின் ஷட்டர்கள் வரிசையாக இறங்கின. பஸ் நிலையத்துப் பக்கம் புகை எழும்பியது. அப்பா போனை எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லை. யாருடைய போனிலும் இல்லை.

பொழுது சாய்ந்தும் கம்பெனி பஸ் வரவில்லை. யாரும் காம்பவுண்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினார். மறுநாளும் அப்படியே. ரோட்டில் டயர் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள், எந்த வண்டியும் போக முடியாது என்றார்கள். அப்பா கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சமைத்ததை என் தட்டில் போட்டுவிட்டு அவர் சாப்பிட மறந்துவிட்டார். எனக்குப் பயம் இருந்தது. அதோடு, வெட்கப்படாமல் சொல்வதென்றால், ஒரு ஆவலும் இருந்தது. பறவைகள் எங்கே போயின, சந்தை இல்லாத நாளில் அவை எதைச் சாப்பிடும் என்று அப்பாவைத் துளைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை மில்லுக்காரர் கேட்டுக்கு வந்தார். மாவு மூட்டை ஏற்றுகிற தன் குதிரை வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மாவு வண்டியை இரண்டு தரப்பும் மறிக்காது, எல்லாருக்கும் சாப்பாடு வேண்டும் என்று அவர் சைகையும் பேச்சுமாகச் சொன்னது அப்பாவுக்குப் புரிந்தது. போகவே கூடாது என்று கம்பெனி ஆட்கள் அப்பாவைத் தடுத்தார்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் இந்தக் குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் போயி அம்மாவக் கூட்டிட்டு வந்தர்றேன். அக்காகூட இருந்துக்குவியா கண்ணு?"

இருந்துக்குவேன் என்றேன். வரும்போது பறவைகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவர் மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி திரும்பியபோது வெள்ளை மூட்டைகளுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது.

காபிக்கார அக்கா அன்று முழுவதும் என்னை விட்டு நகரவில்லை. கொட்டையை வறுத்தாள், இடித்தாள், குடிக்க ஆளில்லாத காபியை மூன்று தடவை போட்டாள். நடுநடுவே, பயப்படாதே என்பதுபோல என் முதுகைத் தடவி "அய்ஸோஷ்" என்பாள். அந்த வார்த்தை அப்பாவின் பாடத்தில் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பா வந்ததும் கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் அதைச் சொல்லும்போது அழுகை வந்தது.

வெயில் தாழ்ந்த நேரம் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. வண்டியில் மூட்டைகள் இல்லை. அப்பா இருந்தார். அவருக்கு எதிரில் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் மெல்லிய வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டி ஓடி அப்பாவின் சட்டையைப் பிடித்து, அம்மா எங்கே என்று கத்தினேன். ஓரத்தில் இருந்த பெண் முக்காட்டை விலக்கிக்கொண்டு, "இங்கதான் கண்ணு இருக்கறேன்" என்றாள்.

அம்மாவோடு ஃபேக்டரியில் மாட்டிக்கொண்ட பெண்களைத்தான் வழியிலெல்லாம் வீடுவீடாக இறக்கிவிட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மீதிப் பேரும் எங்கள் தெருவைச் சுற்றித்தான் இருந்தார்கள். அம்மாவுக்குத் தலையை மூடிவிட்டதும் அவர்கள்தான். அந்த இரண்டு நாளும் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஜெனரேட்டரைப் போட்டுத் தைத்தோம் என்றாள். ஆர்டர் எதுவும் இல்லை. கட்டிங் வேஸ்ட்டை எல்லாம் சேர்த்து யாருக்கும் வேண்டாத தலையணை உறைகள் தைத்தார்களாம்.

"சும்மா உக்காந்தா பயம் ஏறிக்கும் கண்ணு. கைக்கு ஒரு வேலை இருந்துட்டே இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. ஆனால் கம்பெனி ஃபேக்டரியை மூடுவதாகவும் எங்களையெல்லாம் ஊருக்கு அனுப்புவதாகவும் சொல்லிவிட்டது. எனக்கு ஊருக்குப் போகவும் ஆசை, இருக்கவும் ஆசை. ஒரு மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்து அவர்கள் பேசியது காதில் விழுந்தது. நாம் மட்டும் இங்கேயே இருந்துகொள்ளலாமா என்று அப்பா கேட்டார். அம்மா பதிலுக்குக் கேட்டாள்.

"எனக்கு வேலை இல்லீன்னா எந்த விசாவுலீங்க இருக்கறது?"

அப்பா ம் என்றார். பெரியப்பா எங்களைக் கூட்டிப்போக ஏர்போர்ட்டுக்கு வருகிறாராம் என்று அம்மா சொன்னதற்கும் ம் என்றார்.

கிளம்புகிற அன்று எங்களுக்கு வேன் வந்தது. நேரமாகிவிட்டது, வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது என்று மேனேஜர் முன் சீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். காபிக்கார அக்கா என் இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். மில்லுக்காரர் வரவில்லை. மில் ஓடுகிற சத்தம் தெருமுனையிலிருந்து கேட்டது. அப்பா வேனில் ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் மில்லைத் தாண்டும்போது அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். எதையோ மறந்துவிட்டதாகவும், பைக்குள் தேடிப் பார்க்க வேண்டும் என்றும் மேனேஜரிடம் சொன்னாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "இறங்கி நில்லுங்க, நான் பையப் பிரிக்கோணும்" என்றாள். அப்பா இறங்கினார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மில்லுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மில் ஓடும் சத்தம் நின்றது.

அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்தாள். எடுத்ததை மறுபடி மடித்து உள்ளே வைத்தாள். ஒரு ஷிஃப்டுக்குக்கூடத் தாமதமாகப் போகாதவள் அவ்வளவு மெதுவாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. மேனேஜர் வாட்சைக் காட்டினார். அம்மா நிமிரவே இல்லை. உதவி செய்யலாம் என்று நான் பையை என் பக்கம் இழுத்து, பாஸ்போர்ட், டிக்கெட், மருந்து, என் ஸ்வெட்டர் என்று வேகவேகமாகச் சரிபார்த்து, எல்லாம் இருக்குதும்மா என்றேன்.

"இல்ல கண்ணு. நல்லாத் தேடு" என்றாள்.

அப்பா திரும்பி வந்தபோது அவர் சட்டையின் ஒரு தோள் முழுக்க மாவாக இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. மாவு பட்டுவிட்டது போலிருக்கிறது என்று என் கர்சீப்பை எடுத்துக் கொடுத்தேன். அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். போகலாமுங்க என்று மேனேஜரிடம் சொன்னாள்.

எது காணாமல் போனது என்று ஏர்போர்ட் போய்ச் சேரும்வரை அவளை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். விமானத்தில் அவர்கள் இருவரும் தூங்கிய பிறகு, அம்மாவின் காலடியில் இருந்த பையை மெல்ல இழுத்து, நானே இன்னொரு தடவை அடிவரை தேடிப் பார்த்தேன்.