தாட்சாயணியும் மெட்ராஸ் ஸ்டேஷனும்

தாட்சாயணி தேங்காய் வாங்கினால் முதலில் ஆட்டிப் பார்ப்பாள், அப்புறம் தட்டிப் பார்ப்பாள், கடைசியாகக் கடைக்காரன் முகத்தைப் பார்ப்பாள். முகம் சரியில்லை என்றால் தேங்காய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூடைக்குத் திரும்பிவிடும். திருப்பதி கொர்லகுண்டாவில் அவள் குடியிருக்கும் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அவள் வீட்டுக்கு மட்டும் கேட்காமலே தராசையும் தூக்கிக்கொண்டு வருவார். மருமகள் ஹரிதா போனைக் கவிழ்த்து வைத்தால் ஏன் கவிழ்த்தாள் என்று யோசிப்பாள். நிமிர்த்தி வைத்தால் யாருக்குக் காட்டுகிறாள் என்று யோசிப்பாள்.

அவள் புருஷன் கோவர்த்தனன் நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "அப்டியா" என்று கேட்டுக்கொள்கிற மனுஷன். இந்த இரண்டு பேரும் எப்படி முப்பது வருஷம் சேர்ந்து குப்பை கொட்டினார்கள் என்று தெருவே வியக்கும். அதைச் சொல்ல வேண்டுமானால் மெட்ராஸ் ரேடியோ ஸ்டேஷனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தொண்ணூற்று நாலில் அவர்கள் வெதுருகுப்பத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம். குத்தகை நிலத்தில் வேர்க்கடலை, கட்டுத்தறியில் இரண்டு மாடு. வீட்டை ஆண்டவள் மாமியார் சுந்தரம்மா. அப்போதுதான் மெட்ராஸைச் சுற்றிப் புதுப் புதுக் கம்பெனிகள் கதவைத் திறந்துகொண்டிருந்தன. ஊருக்கு நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கோவர்த்தனனும் ஏறினான். மெட்ராஸ் பாடியில் ஒரு கம்பெனியில் கார் கண்ணாடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. எட்டுப் பேர் படுக்கும் ஒரு மாடி அறையில் அவனுக்கும் ஒரு பாய் கிடைத்தது.

வீடு பார்த்துப் பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் எண்ணம். சுந்தரம்மாவுக்கு அது ஆகாது. மருமகள் போய்விட்டால் மாட்டை யார் பார்ப்பது, கடலை யார் பறிப்பது? அவன் போடும் கடிதங்களை கொழுந்தன் கிருஷ்ணப்பா பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்த பிறகுதான் தாட்சாயணி கைக்கு வரும். அதனால் ஒரு தடவை ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாட்டுக் கொட்டகையில் வைத்து அவன் ஒரு ஏற்பாடு சொன்னான்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு மெட்ராஸ் ஸ்டேஷன்ல விருப்பப் பாட்டு போடுவாங்க இல்ல, அதுக்கு வாரா வாரம் கார்டு போட்டுக்கினே இருப்பேன். நம்ம பேரு வந்துதுன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். ஓடம் போற பாட்டு வந்துதுன்னா ஊடு கெடச்சிட்சின்னு அர்த்தம். அடுத்த வெள்ளிக்கெழம மொத பஸ்ஸுக்கு வந்துடு. பாரிமுனைல நின்னுகினு இருப்பேன்."

"உங்கம்மாவ இன்னா சொல்லிட்டு வர்றது?"

"வந்தப்புறம் நான் சொல்லிக்கறேன்."

ஊரே கேட்கும், ஒருத்தருக்கும் புரியாது. கோவர்த்தனனுக்கு வாழ்க்கையில் உதித்த ஒரே கள்ளத்தனமான யோசனை அதுதான் என்று தாட்சாயணி இப்போதும் சொல்வாள்.

அந்த ஸ்டேஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவள் முகம் இளகும். இரண்டு பேண்டு ரேடியோ செட்டை ஜன்னல் பக்கம் வைத்து, கிழக்கே பார்த்துத் திருப்பினால்தான் மெட்ராஸ் எடுக்கும். கொஞ்சம் விலகினால் கடப்பா ஸ்டேஷன் தெலுங்கில் வந்து பாட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சோப்பு விளம்பரம், ஊறுகாய் விளம்பரம், மணி சொல்லும் குரல். அப்புறம் விருப்பம் வாசிக்கும் அந்தப் பெண், இழுக்காமல் பறக்காமல் ஒவ்வொரு பேரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். யார் பேரையும் அவள் அலட்சியமாகச் சொன்னதில்லை. கடலை உரிக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒரு நாள் அந்தக் குரல், "பாடியிலிருந்து கோவர்த்தனன், தாட்சாயணி, கன்னையா" என்று சொன்னபோது தாட்சாயணிக்குக் காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. கன்னையா பக்கத்து ஊர்க்காரன், அதே அறையில் படுக்கிறவன். கூடப் படுக்கிறவன் பேரையும் சேர்த்திருக்கிறான், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. கன்னையா வேலைக்காக பம்பாய் போய்விட்டான் என்று கடிதத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரல் சொன்னது: "பாடியிலிருந்து கோவர்த்தனன், தாட்சாயணி, ரூபா."

ரூபா யார்?

கன்னையா பேரைக் கேட்டு வராத கேள்வி இப்போது வந்தது. கடலை ஓட்டை நகத்தால் கீறிக்கொண்டே யோசித்தாள். எட்டு ஆம்பிளைகள் படுக்கிற அறையில் ரூபாவுக்கு என்ன வேலை? கம்பெனியில் கூட வேலை செய்கிறவளா? அவ்வளவு தைரியமாக ரேடியோவில் பேரைச் சொல்லிக்கொள்கிறாளே. அதிலும் தன் பேருக்குப் பக்கத்திலேயே. நெருப்பில்லாமல் புகையுமா? அடுத்த வாரமும் ரூபா வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். பக்கத்து வீட்டு கங்கம்மா வேறு சும்மா இருக்காமல், "யாரு தாட்சாயணி அது, உங்க சொந்தமா?" என்று கேட்டு வைத்தாள். அந்தக் கேள்வியில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்பதிலேயே தாட்சாயணிக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவன் 'சாப்பாடு இப்போது பரவாயில்லை' என்று எழுதியிருந்தான். யார் சமைத்துப் போட்டுப் பரவாயில்லையாம்? 'சட்டை கிழிந்ததைத் தைத்தாயிற்று' என்று இன்னொரு வரி. யார் தைத்தது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தாட்சாயணிக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை குரல் வந்தது. "பாடியிலிருந்து கோவர்த்தனன், ரூபா..." என்று ஆரம்பித்தது. இரண்டாவது இடம். தன் இடம். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூடக் காதில் விழ விடாமல் அவள் குமிழைத் திருகி அணைத்தாள். செட்டைத் தூக்கிக் கடலை மூட்டைக்குப் பின்னால் போட்டாள். கங்கம்மா அன்றைக்கு நல்லவேளையாக வரவில்லை. அதன் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டில் ரேடியோ பாடவில்லை. கோவர்த்தனனிடமிருந்து கடிதமும் வரவில்லை. வராததும் அவளுக்கு ஒரு சாட்சியாகப் போயிற்று.

ஏழாவது வாரம் திருத்தணிக்கு வேண்டுதல் என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டுப் புத்தூரில் மெட்ராஸ் பஸ் ஏறினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும், பிடித்துவிட்டு நேரே அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். கையில் அவன் கடிதத்தின் பின்புறம் எழுதியிருந்த விலாசம். அது தெலுங்கில் இருந்தது. பாடியில் அதை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அவளே உரக்க வாசித்து வாசித்து வழி கேட்டுக்கொண்டு போனாள். அப்போதும் அவள் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

வீட்டு வாசலில் ஒரு பொம்பளை பெரிய குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பார்க்க லட்சணமாக வேறு இருந்தாள். தாட்சாயணி புருஷன் பேரைச் சொல்லிக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தவள், "நீ தாட்சாயணி தானம்மா?" என்றாள்.

தாட்சாயணி படியிலேயே நின்றாள். "என் பேரு உனக்கு எப்டித் தெரியும்?"

"வாரா வாரம் எய்தறேனே, தெரியாதா? நான் ரூபா. கீழ மெஸ் வெச்சிருக்கேன். மேல இருக்கறவங்கல்லாம் இங்கதான் துன்றாங்க. அவன் ஷிஃப்டு முடிஞ்சி ஆறு மணிக்கு வருவான். உள்ள வந்து குந்து."

"இன்னா எய்தற?"

"கார்டுதான். ரேடியோ கார்டு." ரூபா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் கண் தாட்சாயணி முகத்தில் எதையோ படித்துவிட்டது. "ஏம்மா, உன் ஊட்டுக்காரனுக்குத் தமிழ் எய்தத் தெரியுமா?"

தெரியாது. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. வீட்டில் பேசுவது, சண்டை போடுவது, சாமி கும்பிடுவது எல்லாம் தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. ரேடியோவிலிருந்து தமிழில் வருகிற பேரைக் கேட்டவள், அதை யாரோ தமிழில் எழுதிப் போட்டிருக்க வேண்டுமே என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கன்னையா எல்லைக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டில் தங்கித் தமிழ்ப் படித்தவன். இருந்த வரைக்கும் அவன் எழுதினான். அவன் போன பிறகு ரூபா எழுதினாள். கார்டு எழுதித் தருகிறவர் தன் பேரையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொள்வது அந்த அறையின் வழக்கம். கூலி என்றால் அதுதான்.

"எட்டுப் பேருக்கு எய்தறேன். எட்டுப் பேரோடயும் என் பேரு வருது" என்றாள் ரூபா. "என் ஊட்டுக்காரரு ரேடியோ முன்னாடி குந்திக்கினு சிரிப்பாரு."

தாட்சாயணி குரல் அடங்கிக் கேட்டாள். "கடசியா வந்துதே, அதுல என் பேரே இல்லியே?"

"எது, ஓடப் பாட்டா? அவசரத்துல என் பேர முன்ன எய்திட்டேன். உன் பேரு எனக்கு அடுத்தாப்லதான இருந்தது. ரேடியோல சொன்னாங்களே. நாங்க டீக்கடைல எல்லாரும் நின்னு கேட்டோம். பாட்டு முடியறதுக்குள்ள உன் ஊட்டுக்காரன் ஊட்டு ஓனர்கிட்ட அட்வான்ஸ் குடுக்க ஓடினான்." ரூபா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ கேக்கலியா?"

தாட்சாயணி முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டு அழுதாள். இன்னும் ஒரே ஒரு பேர் பொறுத்திருந்தால் போதும். "நிறுத்திட்டேன்கா" என்றாள். "உன் பேரு வந்துது, நிறுத்திட்டேன்."

ரூபா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம், "அந்த ஊடு போயிட்ச்சிம்மா. வேற ஆளு வந்துட்டாங்க" என்றாள். "ரெண்டு வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டு பாரிமுனைல போயி நின்னான். அதுக்கப்புறம் கார்டு வாணாம்னுட்டான். அடுத்த மாசம் கன்னையாகிட்ட பம்பாய்க்குப் போறேன்னு சொல்லிக்கினு இருக்கான். நடந்தத நீயே அவன்கிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

ஆறு மணிக்குக் கோவர்த்தனன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். இளைத்திருந்தான். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"பாட்டு வந்துதே, கேட்டியா?"

அவள் அவன் செருப்பையே பார்த்தாள்.

"கேட்டுட்டுதான் வரலியா? வர இஷ்டமில்லன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இத்தினி நாளா அதத்தான் யோசிச்சிக்கினு இருக்கேன். அங்க வேற இன்னா இருக்குது, யாரு இருக்காங்கன்னு. யோசிச்சி யோசிச்சி மண்ட காயுது."

கோவர்த்தனன் கண்ணில் சந்தேகத்தை அவள் பார்த்தது அந்த ஒரு நாள்தான். தன்னிடம் இத்தனை வாரம் இருந்த அதே நோய் அவனுக்கும் தொற்றியிருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். உன்னை நம்பவில்லை, அதனால் அணைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவன் பம்பாய்க்குத்தான் போவான் என்று பயம் வந்தது.

"பேட்டரி தீந்துட்ச்சி" என்றாள். "உங்கம்மா வேற வாங்கித் தரல. எட்டு வாரமா செட்டு பாடவே இல்ல."

சோறு போட்டுக்கொண்டிருந்த ரூபாவின் கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. அவள் தாட்சாயணியைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து குழம்பை ஊற்றினாள்.

கோவர்த்தனன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். தலையில் அடித்துக்கொண்டான். "சே, பேட்டரி. எனக்குத் தோணவே இல்ல பாரு. உன்னப் போயி இன்னான்னமோ நெனச்சிட்டேனே. மன்னிச்சுக்கமே." அவன் அழுதான். மன்னிப்புக் கேட்கிறவனை அவள் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் பதினோரு மாதம் ரூபா தன் பின்கட்டை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எப்போது எடுப்பாளோ என்று தாட்சாயணி பதினோரு மாதமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடிக் கம்பெனி மூடிய பிறகு அவர்கள் திருப்பதிக்கு வந்தார்கள். மகன் யஸ்வந்த் அங்கேதான் வளர்ந்தான். ரூபா போன வருஷம் பாடியிலேயே இறந்துபோனாள். இரண்டு பேரும் போய்விட்டு வந்தார்கள். கோவர்த்தனனைவிடத் தாட்சாயணிதான் அதிகமாக அழுதாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இனி அந்த விஷயம் தெரிந்தவள் தாட்சாயணி ஒருத்திதான்.

யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற கோவர்த்தனனுக்கும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது வருஷமாக நம்பிக்கை கிடையாது. கடியாரத்துக்கோ டார்ச்சுக்கோ பேட்டரி வாங்கப் போனால் கடைக்காரரிடம் போட்டுக் காட்டச் சொல்லுவான், தேதியைப் பார்ப்பான், போதாததற்கு இன்னும் இரண்டு சேர்த்து வாங்குவான். "இத மட்டும் நம்பக் கூடாதுபா. ஒரு காலத்துல என் குடும்பமே போயிருக்கும், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிப்பான்.

தாட்சாயணியும் சிரித்து வைப்பாள்.