நேர்சரி வால்வின் திறப்பு

எழுபதுகளில் ரொறன்ரோவில் ஒரு பழைய சேர்ச்சில் பொயிலர் பார்ப்பதும் கூட்டித் துடைப்பதும் என் வேலை. மேலே ஆராதனை மண்டபம், பக்கத்தில் கூட்ட அறை, கீழே பேஸ்மென்றில் நேர்சரி. நேர்சரியில் பிள்ளைகளைப் பார்த்தது என் மனைவி. எங்கள் மூன்று வயது மகளும் அங்கேதான் இருந்தாள்.

ஒரே பொயிலர்தான் முழுக் கட்டடத்துக்கும் நீராவி அனுப்பியது. ஆளில்லாத நாளிலும் ஆராதனை மண்டபம் சும்மா சூடேறிக் கிடக்கும். அதனால் அந்த வருடம் மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு போட்டார்கள். நல்ல வேலைதான். அதைக் கெடுத்தவர் கட்டடக் கமிட்டித் தலைவர்.

ஒருநாள் அவர் கீழே வந்து மனைவியிடம் இங்கிலீஷில், "இங்கே குளிராக இல்லையே?" என்று கேட்டார். அவள் "நோ, நோ" என்றாள். தமிழில் யோசித்துச் சொன்ன நோ அது. இல்லை ஐயா, குளிருது என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர் காதில் அது குளிரவில்லை என்றுதான் விழும். அடுத்த சொல் அவள் வாயில் வருமுன் மனுசன் படியேறிப் போய்விட்டார். மறுநாள் நேர்சரி வால்வை மூடிப் பூட்டுப் போட்டுத் திறப்பையும் தானே கொண்டுபோனார்.

அவரிடம் போய், அவள் சொன்னதன் அர்த்தத்தை விளங்கப்படுத்தினேன். "உன் மனைவியே குளிரவில்லை என்றாளே? சூட்டு நாட்டிலிருந்து வந்த உனக்கு எல்லாமே குளிர்தான்" என்று சிரித்தார்.

பிள்ளைகள் குளிர்க் கோட்டைக் கழற்றாமலே இருந்து படம் கீறினார்கள். மகள் இருமி இருமிச் சத்தி எடுத்தாள். அதைத் துடைக்கும்போது, நாசமறுவான், உன்னை விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை கமிட்டிக் கூட்டம் வந்தது. விடியவே கூட்ட அறை வால்வை இறுக்கி மூடினேன். எல்லோரும் வந்து இருந்த பிறகு உள்ளே போய், "ஐயா, இங்கே குளிராக இல்லையே?" என்றேன். போதகரும் சீமாட்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மரியாதைக்கு "நோ, நோ" என்றார். அது சுத்தமான இங்கிலீஷ் நோ. சரி என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பொயிலர் அறைக்கு வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வால்வைத் திற!"

"நேர்சரித் திறப்பைத் தாருங்கள்."

"வேலையை விட்டு நிறுத்துவேன்."

"நிறுத்துங்கள். பிறகு பொயிலரை யார் பார்ப்பது, நீங்களா?"

திறப்பை நிலத்தில் எறிந்தார். எடுத்துக்கொண்டு ஆறுதலாக, ஓர் அவசரமும் இல்லாமல் நடந்தேன். ஒரு பிள்ளையும் வராத சனிக்கிழமை அது. ஆனாலும் முதலில் நேர்சரிக்குத்தான் நீராவி விட்டேன். அறைக்குச் சூடு விடும் றேடியேற்றர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சுட்ட பிறகே மற்ற வால்வுக்குப் போனேன். அவர் என் பின்னாலேயே நடுங்கிக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் மனைவி, "என்னப்பா, மனுசன் பாவமெல்லோ?" என்றாள்.

"பாவமோ? திங்கக்கிழமை நீர் பிள்ளையின்ர கோட்டைக் கழட்டிவிடும், பிறகு கதைப்பம்" என்றேன்.