ஆறாவது வெட்டு

சிட்னியின் செவன் ஹில்ஸில் குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சத்தியபாமா பதினெட்டு வருடங்களாக வரைபடம் போடுகிறார். அங்கே கழிக்கப்படும் மரத்துண்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும் பழக்கம் எப்போது தொடங்கியது என்று அவருக்கே ஞாபகமில்லை. முதலில் ஆறு துண்டுகளில் பள்ளம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோர்த்து ஒரு புதிர் செய்தார். ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு துண்டு மற்றதைப் பிடிக்கும். கடைசித் துண்டு எல்லாவற்றையும் பூட்டும். அதைக் கழற்ற முடியாமல் கணவர் வரதராஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மல்லுக்கட்டினார். அதன் பிறகு அவர், சத்தியபாமா மரவேலை செய்யும் கராஜ் பக்கம் வந்ததில்லை.

சத்தியபாமாவின் வலது மணிக்கட்டு சின்ன வயதில் முறிந்து, கோணலாகப் பொருந்தியது. அவர் வாள் பிடித்தால் வெட்டு ஒரு மயிரிழை இடப்பக்கம் சாயும். பிறகு உளியால் செதுக்கி நேராக்கிவிடுவார். புதிர் செய்கிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அவருடைய வேலைக்கு நல்ல பெயர் இருந்தது.

அந்தக் குழுவின் வழியாகத்தான் மெல்பேர்ன் கிரெய்கிபர்னில் இருந்து டிலக்சி என்ற பெண் அவருக்கு எழுதினாள். அவளுடைய அப்பா பொனிபஸ் மன்னார்க்காரர். அவரும் புதிர் செய்கிறவர். பெப்ரவரி வெக்கையில், கராஜில் வேலை செய்துகொண்டு நின்றபோதே நெஞ்சு அடைத்து இறந்துபோனார். இரண்டு வருடமாக ஒரே புதிரைத்தான் செய்துகொண்டிருந்தாராம். அது முழுதாகப் பொருந்தி நிற்பதைப் பார்க்க அம்மா பேர்ள் ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தாள்.

பொதி வந்தது. சிவந்த ஜரா மரத்தில் பதினொரு துண்டுகள். கூடவே பேர்ளின் கையெழுத்தில் ஒரு தாள்: “பன்னிரண்டு என்று சொன்னவர். ஒன்று இல்லை. செய்து தருவீர்களா?”

இல்லாத துண்டின் உருவத்தை மற்றப் பதினொன்றும் சொல்ல வேண்டும். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அளந்து, கட்டத்தாளில் நிரப்பி, மூன்று கிழமையில் சத்தியபாமா கணக்கை முடித்தார். ஐந்து வெட்டுகள். உள்ளே ஊசி நுழையக்கூட இடமிருக்காது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணியிருக்கும். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வெட்டை முடித்து உளியால் சீராக்கினார். பிறகு மெஷின் சத்தம் நின்றது. அந்த அமைதியில்தான் தன் கையில் வாள் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குக் கேட்டது. குனிந்து பார்த்தார். பென்சில் கோடே போடாத இடத்தில் ஆறாவது பள்ளம் விழுந்திருந்தது. வாளை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை.

“ஐயோ, பழுதாப் போச்சு” என்று வாய்விட்டுச் சொன்னார். எறிவதற்கு முன் சும்மா ஒருதரம் பொருத்திப் பார்த்தார். துண்டு உள்ளே இறங்கியது, சற்று வலப்பக்கம் நகர்ந்தது, இன்னும் இறங்கியது, இடப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொண்டது.

கணக்குப்படி ஐந்தே வெட்டுகளோடு இன்னொரு துண்டு செய்து பார்த்தார். அது நுழையவே இல்லை. தன் பிழை அப்போதுதான் விளங்கியது. உள்ளே கொஞ்சம் வெறுமை இருந்தால்தான் துண்டு நகர இடமிருக்கும். அந்த வெறுமையை ஆறாவது வெட்டு கொடுத்திருந்தது.

உடனே பேர்ளுக்குப் போன் எடுத்தார்.

“பொருந்தீட்டுது அக்கா. ஆனா நான் நினைச்சு வெட்டினதில்ல. ஒரு வெட்டு தானா விழுந்தது.”

“எத்தினையாவது வெட்டு?”

“ஆறாவது.”

மறுமுனையில் பேர்ள் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார். “பாமா, உங்களுக்கு ஒருக்கா இஞ்ச வரேலுமோ?”

அடுத்த சனிக்கிழமை சத்தியபாமா விமானத்தில் போனார். பேர்ள் அறுபது வயதுக்காரர். தேத்தண்ணி கூடத் தராமல் நேரே கராஜுக்குக் கூட்டிப்போனார். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒரு கட்டில் விரிப்பால் மூடியிருந்தது.

“நான் உங்களுக்குப் பொய் எழுதினனான். பன்னிரண்டாவது துண்டு இதுக்குள்ளதான் இருந்தது. இதைப் பிடிச்சபடிதான் அவர் விழுந்தவர். எனக்கு இதைக் கழட்ட மனம் வரேல்ல.”

விரிப்பை எடுத்தார். வைஸின் வாய்க்குள் ஒரு ஜராத் துண்டு. ஆறு வெட்டுகள்.

“இப்ப இதைப் பாருங்கோ” என்று போனை நீட்டினார். பொனிபஸ் இறந்த முப்பத்தோராம் நாளில் டிலக்சி எடுத்த படம். அதே வைஸ், அதே துண்டு. ஐந்து வெட்டுகள்தான் இருந்தன. ஆறாவது இடத்தில் பென்சில் கோடு மட்டும்.

“நீங்கள் போன் எடுத்த பிறகுதான் வந்து திறந்து பாத்தனான். கராஜைப் பூட்டின துறப்பு என்னட்டைத்தான் கிடக்குது. ஒருத்தரும் வரேல்ல.”

வைஸுக்குக் கீழே சிவப்பு மரத்தூள் கிடந்தது. சத்தியபாமா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். புதிதாக வெட்டிய வாசனை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை உற்றுப் பார்த்தார். ஐந்து வெட்டுகள் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. ஆறாவது மட்டும் ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கோணலான தன் வலது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

“அது என்ர வெட்டு அக்கா” என்றார்.

பேர்ள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஆனால் பின்வாங்கவில்லை. வைஸின் பிடியைத் தானே சுழற்றித் துண்டை வெளியே எடுத்தார். “வந்தனீங்கள், பொருத்திப் போட்டுப் போங்கோ.”

சத்தியபாமா கொண்டுவந்த பதினொன்றோடு அதைச் சேர்த்தார். ஒரே தடவையில் பூட்டியது. பேர்ள் அதை இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளையைப் பார்ப்பது போல நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இரண்டு வருஷமா இதைத்தானே மனிசன் பாத்துக்கொண்டிருந்தவர்” என்றபோது அவருக்குக் கண் நிறைந்தது. பிறகு இருவரும் குசினிக்குப் போனார்கள். சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். பேர்ள் விமான நிலையம் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

சிட்னிக்குத் திரும்பிய பின் இரண்டு மாதம் சத்தியபாமா வாளைத் தொடவில்லை. தொட்ட அன்று, வரதராஜாவிடம் ஒரு கதிரையைக் கொண்டுவந்து கராஜில் இருக்கச் சொன்னார்.

“இருந்து என்ன செய்யிறது?”

“என்ர கையைப் பாத்துக்கொண்டிருங்கோ. கோடு இல்லாத இடத்தில வாள் ஓடினாச் சொல்லுங்கோ.”

அவர் கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்தார். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு அங்கே இருக்கிறார். இடைக்கிடை தலையை நிமிர்த்தி, “எத்தினை வெட்டு?” என்று கேட்பார். சத்தியபாமா எண்ணிப் பார்த்துச் சொல்வார்.