மயக்க மருந்தும் என் வாயும்

மயக்க மருந்து கொடுத்தால் பொம்பளை உண்மையைக் கக்கிவிடுவாள் என்று எங்கள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய தெருக்களில் யாராவது வேலூருக்குப் போய் வயிற்றை அறுத்துக்கொண்டு வந்தால், புண் ஆறியதா என்று கேட்கமாட்டார்கள். "உள்ள இன்னா உளறின?" என்றுதான் கேட்பார்கள். ஒருத்தி நகையை ஒளித்துவைத்த இடத்தைச் சொல்லிவிட்டாளாம். இன்னொருத்தி மாமியாரைப் பேர் சொல்லித் திட்டினாளாம். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். மயக்கத்தில் ஒரு பொம்பளை பேசினால் மட்டும் அது வேதவாக்கு.

என் வயிற்றில் கட்டி, அறுத்தே ஆகவேண்டும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னதும் என் புருஷனின் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பேஜார் பண்ணாம சீக்கிரம் பண்ணிக்க. நானே கூட வர்றேன்," என்றாள். அவ்வளவு கரிசனம் அந்த நாத்தனாருக்கு என்மேல் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

காரணம் என் தங்கை. நாத்தனார் வீட்டுக்காரரின் தம்பி தோல் மண்டியில் தரகர், பெண்டாட்டியை இழந்தவர், எங்கள் அப்பா வயது. அவருக்கு என் தங்கையை நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் மாட்டேன் என்றாள், யார் காதிலும் விழவில்லை. நான்தான் அவளை ரயில் ஏற்றிவிட்டேன். அரக்கோணத்தில் வண்டி மாறி எங்கே போனாள் என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும். இதிலும் எழுதப்போவதில்லை. கையில் கிடைத்தால் இழுத்துவந்து தாலி கட்டவைப்பது என்று அந்த வீடே தேடிக்கொண்டிருந்தது. என்னை மிரட்டிக் கேட்டார்கள், அடித்தும் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவைக்க இனி மயக்க மருந்துதான் பாக்கி.

எனக்கு அறுக்கவிருந்த டாக்டரம்மா மதராசில் படித்தவர். குளோரோஃபார்ம், ஈதர் என்ற இரண்டு மயக்க மருந்தும் எந்த உடம்பை என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். யாருக்கு வாந்தி வருகிறது, யாருக்கு நாடி தளர்கிறது, மயக்கத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று நர்ஸ் ஒருத்தி பக்கத்திலிருந்து குறித்துக்கொள்வாள். நான் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"எதைக் கொடுத்தா பேச்சு வராதும்மா?"

"குளோரோஃபார்ம்ல கொஞ்சம் கம்மி. ஆனா உன் இருதயம் பலவீனம். அது நின்னுபோனாலும் போயிடும். உனக்கு ஈதர்தான்."

"ஈதர்ல நெஜத்தைச் சொல்லிடுவேனா?"

"முக்காவாசிப் பேர் அர்த்தமில்லாமதான் பேசறாங்க. ஆனா ஒண்ணும் வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

பொய்ச் சத்தியம் பண்ணாத மனுஷி என்பதால் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்தாலும் விடவில்லை. நோயாளி பயந்து ஓடாமலிருக்க, மயங்கும்வரை வீட்டார் ஒருவர் வாசலில் நிற்பது அங்கே வழக்கம். "அண்ணி நிக்க வேணாம். கதவைச் சாத்திடுங்க," என்றேன். "என் வாந்தியை எழுதிக்கங்க, நாடியை எழுதிக்கங்க. என் பேச்சை எழுதாதீங்க."

"பேச்சும் ஆராய்ச்சியில சேர்ந்ததுதாம்மா."

"பேசினேன்னு எழுதிக்கங்க. இன்னா பேசினேன்னு எதுக்கும்மா? மருந்து உங்களுது. பேச்சு என்னுது."

இப்படி ஒருத்தியும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. நர்ஸைக் கூப்பிட்டு, நான் பேசுவதை எழுதக்கூடாது, வெளியிலும் சொல்லக்கூடாது என்றார். நாத்தனார் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். யாரும் திறக்கவில்லை.

மூக்கின்மேல் துணிமூடி வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். தொண்டை எரிந்தது. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்திலேயே வளர்ந்த என் மூக்குக்கே தாங்கவில்லை. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணவில்லை. நாக்கில் ஏதாவது வந்துதான் தீரும் என்றால் அது நானாக வைத்ததாக இருக்கட்டும் என்று, நாத்தனார் வைக்கும் ரசத்தில் தொடங்கி அவள் மூட்டிவிட்ட சண்டைகள்வரை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனேன். விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

கண் விழித்தபோது வார்டுக் கட்டிலில் கிடந்தேன், குமட்டியது. நர்ஸ் வாந்திக்குக் கிண்ணம் எடுக்கப் போயிருந்தாள். நாத்தனார் என் காதருகே குனிந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்ட நீ. உன் தங்கச்சி எங்க இருக்கான்னு தெரிஞ்சிபோச்சு. இனிமே மறைச்சு இன்னா பிரயோஜனம்?"

சொல்லியிருப்பேனோ? என் வாயிலிருந்து வந்தது எதுவென்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பயத்தைப் போல் ஒரு பயத்தை நான் பட்டதில்லை. தங்கை போன ஊரின் பெயரையே சொல்லி, "அங்கேயா, அங்க இல்லவே இல்ல," என்று கத்த வாய் துடித்தது. வந்த வாந்தியோடு அதையும் விழுங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க அண்ணி," என்றேன். "சாயங்காலம் வண்டி இருக்கு."

அன்று சாயங்கால வண்டி போயிற்று. மறுநாள் வண்டியும் போயிற்று. நாத்தனார் என் கட்டில் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.