தலைப்பு அவளுடையது

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் என்னைக் கட்டுரைப் போட்டிக்கு நடுவராக அழைக்கிறார்கள். விதிமுறைகள் எனக்கு அத்துப்படி. மலையடிவாரத்தில் இருக்கும் தேவாரம் ஊர்ப் பள்ளி ஒன்றில், தலைப்பை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு சிறுமி, அம்மா மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு நெருக்கியடித்துப் போகும் ஜீப்பைப் பற்றி எழுதியிருந்தாள். வளைவுகளில் அம்மா யார் மடியில் சாய்வாள் என்பதுவரை இருந்தது. முதல் பரிசுக்கு உரியது. அதனால்தான் அவள் எழுதியதென்று நம்பவில்லை.

“யாரும்மா எழுதிக் குடுத்தாக?”

“நானாத்தேன் எழுதுனேன் சார்.”

“அப்படின்னா என் முன்னால மரங்களின் பயன்கள் எழுது, பாப்போம்.”

நிமிராமல் எழுதினாள். அசோகரில் தொடங்கி மழையில் முடித்தாள். வரிக்கு வரி கைடு.

“இது காப்பிதான?”

“ஆமா சார். நீங்க தலைப்புக் குடுத்தா அப்படித்தான எழுதணும்?”

முதல் பரிசை அவளுக்கே கொடுத்தேன். நான் தலைப்புக் கொடுத்துத் திருத்திய இத்தனை கட்டுரைகளில், ஒரு பிள்ளையின் அம்மாவைக்கூட நான் சந்தித்ததில்லை.