ஸ்பீக்கரக்காவின் புது மூச்சுக்குழாய்

பஸ் நிலையத்தில் மைக் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அதற்கு வேலை இல்லை. வாசலில் நின்று வழி சொல்லிக் கூவி ஆள் ஏற்றுகிற ஸ்பீக்கரக்கா இருக்கும்போது மைக் எதற்கு? மழைநாளில் கிளம்ப மறுத்த பஸ் ஒன்று அவள் அதட்டலில் தானாகவே ஸ்டார்ட் ஆனதாக டிரைவர்கள் சத்தியமே செய்வார்கள். படியை மறித்து மூட்டை வைக்கிறவர், பாதிப் படியில் நின்று பேசுகிறவர், யாரையும் அவள் விட்டதில்லை. கைக்குழந்தைக்குக்கூட, "ஏன் அழுற, சீட்டுதான் கெடச்சிருச்சே!" என்று அதட்டலில் ஒரு பங்கு உண்டு.

அப்படிப்பட்டவள் நிமோனியாவில் விழுந்தாள். தொண்டைக்குள் ட்யூப் போட்டு இருபது நாள் மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. பிழைத்தாள். ஆனால் ட்யூப் அழுத்திய இடம் தழும்பாகி, மூச்சுக்குழாய் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவுக்குச் சுருங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மார்புக்குள் விசில். கூவ வாயைத் திறந்தால் வெறும் காற்று.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "சுருங்கின துண்டை எடுத்துட்டு, இறந்தவர் தானமா குடுத்த துண்டை வெச்சுத் தைக்கணும். புதுசா எடுத்த துண்டுன்னா உங்க உடம்பு அதை அன்னியம்னு விரட்டப் பார்க்கும். அதை அடக்க ஆயுசுக்கும் மாத்திரை. அந்த மாத்திரையோட பஸ் ஸ்டாண்டு தூசிக்கும் கூட்டத்துக்கும் நீங்க போகவே முடியாது."

"வேற வழி?" அக்கா மூச்சு விட்டு விட்டுக் கேட்டாள்.

"திசு வங்கியில திரவ நைட்ரஜன்ல உறைய வெச்ச துண்டு ஒண்ணு இருக்கு. உடம்பு சண்டைக்குப் போறது முக்கியமா அதோட உள்தோலோடதான். உறையுறப்ப அந்தத் தோல் பெரும்பாலும் செத்துடும், குருத்தெலும்பு வளையம் மட்டும் நிக்கும், அதனால அந்த மாத்திரை தேவைப்படாது. அதுமேல உங்க சொந்தத் தோல் படரணும். புது முறைம்மா. படரும்னு நம்புறோம், உறுதி குடுக்க மாட்டேன்."

தையல்காரரான அவள் கணவர் வெகுநேரமாக நெளிந்துகொண்டிருந்தார். "டாக்டர், ஐஸ்ல கெடந்ததை உள்ள வெச்சா இவளுக்குச் சளி புடிக்காதா?"

"உருக வெச்சு, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதாங்க வைப்போம்."

அவர் தலையாட்டினார், நம்பவில்லை. ஆபரேஷன் அன்று, இரண்டு அடுக்குக் கம்பளித் துணியில் கழுத்துப் பட்டை தைத்துக் கொண்டுவந்து நர்ஸிடம் நீட்டினார்.

ஐந்து வாரம் பேசக்கூடாது என்று உத்தரவு. "இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் நான் ஒரு வாக்கியத்த முழுசா முடிக்கிறேன்," என்றார் கணவர். தலையணை பறந்து வந்தது. வாய்தான் கேலி பேசியது. கடையில் முதல் வாரம் மட்டும் மூன்று சட்டைகளுக்கு இடதுகைத் துணியையே இரண்டு முறை வெட்டிவிட்டார்.

ஐந்தாம் வாரம் உள்ளே கேமரா விட்டார்கள். டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். வெளுத்துக் கிடந்த துண்டு இளஞ்சிவப்பாகி, தலைமுடி கனத்தில் ரத்தக்குழாய்கள் ஓடின.

"இது உங்க தோலும்மா. உடம்பு ஏத்துக்கிச்சு. எங்க, பேசுங்க."

கரகரத்த குரலில் அவள் கேட்டாள்: "யாரு குடுத்தாங்க?"

"சொல்ல அனுமதி இல்ல."

"எப்ப இறந்தாங்கன்னாவது?"

"அதுவும் சொல்லக் கூடாதும்மா. உறைய வெச்சதுதானே, ஆபரேஷனுக்கு முந்தின மாசமாவும் இருக்கலாம், முந்தின வருஷமாவும் இருக்கலாம்."

யாருக்கு என்று தெரியாமலே அவள் கைகூப்பினாள். கணவர் மூக்கைச் சிந்திவிட்டு, சளி தனக்குத்தான் பிடித்துவிட்டது என்றார்.

மூன்று மாதம் கழித்து வாசலுக்குத் திரும்பினாள். குரல் முக்கால்வாசி வந்திருந்தது. ஒருவர் இரும்புப் பெட்டியைப் படியில் வைத்து வழியை மறித்தார். வேடிக்கை பார்க்க டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அக்கா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

"பொட்டிய இப்படிக் குடுங்கண்ணா. மெதுவா ஏறுங்க."

"அக்கா! திட்டுற நரம்பையும் சேத்துக் கட் பண்ணிட்டாங்களா?" என்றார் ஒரு டிரைவர்.

"எனக்குள்ள இருக்கற துண்டு இவங்க வீட்டு ஆளோடதா இருந்துட்டா? நான் என்னத்தக் கண்டேன்? ஏறுற எல்லாரையும் கும்பிட்டு ஏத்த வேண்டியதுதான்."

"அப்ப எங்களுக்கும் இனிமே மரியாதைதானே?"

"உங்க ஒவ்வொருத்தர் வீட்லயும் விசாரிச்சுட்டேன். ரெண்டு வருஷமா யார் வீட்லயும் சாவு இல்ல. அஞ்சு நிமிஷம் லேட்டு, வண்டிய எடுடா தடிமாடு!"

டிரைவர் சிரித்துக்கொண்டே ஓடினார்.